இருட்டை முதலில் அளந்துகொள்ளுங்கள்

ஆண்டுதோறும் ஆராய்ச்சி மாணவர்கள் யாராவது வந்து, "ஹான்லேக்குப் போறோம் சார், பி.எம்.டி. பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க" என்கிறார்கள். பி.எம்.டி. என்ற ஒளிபெருக்கிக் குழாய் நாலு வார்த்தையில் அடங்குகிற விஷயமில்லை. பச்மடிக் காட்டிலும் லடாக் குளிரிலும் செரன்கோவ் தொலைநோக்கிகளோடு இரவுப் பணி பார்த்தவன் என்ற முறையில், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னதைச் சேர்த்து எழுதி வைக்கிறேன். எண் போட்டிருப்பது தேடி எடுக்கும் வசதிக்காக. வரிசைக்கு வேறு பொருள் இல்லை, முதலாவதைத் தவிர. அது உண்மையிலேயே முதல்.

1. கேமராவின் மூடியைத் திறக்காமல் தரவு எடுங்கள். உயர் மின்னழுத்தம் கொடுத்து, எல்லாக் கருவிகளையும் ஓடவிட்டு, வெளிச்சம் மட்டும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் எண்கள் வரும். அவை உங்கள் கருவியின் சொந்தச் சத்தம். அடுத்த இரவு மூடியைத் திறந்து, எந்த மூலமும் இல்லாத வானத்துண்டு ஒன்றைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வானத்தின் சத்தம். இந்த இரண்டும் கையில் இல்லாதவர் நண்டு நெபுலாவைப் பார்த்தேன் என்று சொன்னால் நான் நம்புவதில்லை. இந்தத் துறையில் நமக்கு வருவதில் பெரும்பகுதி நாம் தேடாதது. அதைத் தெரிந்து ஒதுக்குவதே வேலை.

2. எதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். காமா கதிர் தரைக்கு வருவதில்லை. அது மேல் வளிமண்டலத்தில் ஓர் அணுக்கருவின் அருகே எலக்ட்ரான், பாசிட்ரான் இணையாக மாறுகிறது. அவை மறுபடி காமாவை உமிழ, அந்தக் காமா மறுபடி இணையாக மாற, ஒரு துகள் பொழிவு உண்டாகிறது. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் அது உச்சத்தை எட்டும். காற்றுக்குள் ஒளி போகும் வேகத்தைவிட அந்தத் துகள்கள் வேகமாகப் போவதால் செரன்கோவ் ஒளி பிறக்கிறது. அது ஒரு டிகிரிக்கும் குறைவான கோணத்தில் விரிந்து, தரையில் சுமார் 120 மீட்டர் ஆரமுள்ள வட்டமாகப் படிகிறது. 1 டெரா எலக்ட்ரான் வோல்ட் காமா என்றால், 2000 மீட்டர் உயர மலையில் சதுர மீட்டருக்கு நூறு ஃபோட்டான் வாக்கில் கிடைக்கும். அதுவும் சில நானோ விநாடிகளுக்குள் வந்து முடிந்துவிடும்.

ஏன் இந்தச் சுற்றுவழி, செயற்கைக்கோளில் நேரடியாகவே பிடிக்கலாமே என்று கேட்பார்கள். நண்டு நெபுலாதான் இந்த ஆற்றலில் நமக்கு அளவுகோல். அதிலிருந்தே 1 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலான காமா, ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு ஆறேழுதான் விழும். விண்ணில் பறக்கவிடும் கருவியின் பரப்பு சதுர மீட்டர் கணக்குதான். தரையிலோ, அந்த ஒளிவட்டத்துக்குள் கண்ணாடி எங்கே நின்றாலும் பொழிவு அதற்குத் தெரியும். ஆகவே நாம் பிடிக்கும் பரப்பு ஒளிவட்டத்தின் பரப்பு. அது ஏறக்குறைய 45,000 சதுர மீட்டர்.

3. இரவு வானம் கறுப்பு அல்ல. நிலா இல்லாத நல்ல இரவிலும் விண்மீன் ஒளி, வளிமண்டலத்தின் தன்னொளி எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு, ஸ்டெரேடியனுக்கு, விநாடிக்கு இரண்டு லட்சம் கோடி ஃபோட்டான் கொட்டுகின்றன. 1948இல் இயற்பியலாளர் பிளாக்கெட் போட்ட கணக்குப்படி, காஸ்மிக் கதிர்கள் தரும் செரன்கோவ் ஒளி அந்த வெளிச்சத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பத்தாயிரத்தில் ஒரு பங்கை எப்படிப் பார்ப்பது?

1952இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கால்பிரெய்த், ஜெல்லி என்ற இருவர் அதைச் செய்து காட்டினார்கள். ஒரு குப்பைத்தொட்டி, அதனடியில் 25 செ.மீ. கண்ணாடி, அதன் குவியத்தில் ஓர் ஒளிபெருக்கிக் குழாய், பக்கத்தில் வேகமான ஓசிலோஸ்கோப். அவர்களைக் காப்பாற்றியது வேகம்தான். அடைமழையில் தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், யாரோ ஒரு பிடி சரளைக்கல்லை மேலே வீசுகிறார். மணிக்கணக்கான மழையின் மொத்தச் சத்தத்தில் அது ஒன்றுமே இல்லை. விழுந்த அந்த நொடியில் காது நிமிர்ந்துவிடும். நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கியின் ஒரு பிக்சலில், வானவெளிச்சத்தால் மட்டும் விநாடிக்குப் பத்துக் கோடி ஒளியெலக்ட்ரான்கள், அதாவது ஃபோட்டான்கள் குழாயில் கிளப்பும் எலக்ட்ரான்கள், வருகின்றன. பத்து நானோ விநாடிக்கு ஒன்று. நீங்கள் பத்து நானோ விநாடி மட்டும் ஜன்னலைத் திறந்தால், அதற்குள் பத்து இருபது ஒளியெலக்ட்ரான்களைக் கொண்டுவரும் பொழிவு தனியாக எழுந்து நிற்கும். ஒரு மைக்ரோ விநாடி திறந்து வைத்தால் நூறோடு நூற்றுப்பத்தாகக் கரைந்துவிடும்.

4. மேலே சொன்னதிலிருந்து ஒரு கணக்கு வருகிறது. அதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச ஆற்றல், வானவெளிச்சம், பிக்சல் பார்க்கும் கோணப்பரப்பு, ஜன்னல் நேரம் மூன்றின் பெருக்கலை, கண்ணாடிப் பரப்பு, ஒளியுணரும் திறன் இரண்டின் பெருக்கலால் வகுத்தால் வருவதன் வர்க்கமூலத்தைப் போல மாறும். கண்ணாடியை நான்கு மடங்காக்கினால் அந்த ஆற்றல் பாதியாகும். ஜன்னலை நாலில் ஒன்றாகச் சுருக்கினாலும் அதே பலன்தான், செலவு மிகக் குறைவு. ஆனால் ஒளித்துடிப்பின் அகலத்துக்குக் கீழே ஜன்னலைச் சுருக்கினால் நாம் பிடிக்க வந்ததையே வெட்டுகிறோம்.

இன்னொரு வழி, மலை ஏறுவது. பச்மடியில் 25 தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் 0.9 மீட்டர் விட்டத்தில் ஏழு பரவளையக் கண்ணாடிகள். உயரம் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். அதே அளவுக் கண்ணாடிகளை ஏழு தொலைநோக்கிகளில் ஏழேழாக, மொத்தம் 49 மட்டும் வைத்து ஹான்லேயில் 4300 மீட்டர் உயரத்தில் ஹகார் நின்றது. 200 கிகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு அது இறங்கிப் பார்த்ததற்குப் பெரிய காரணம் உயரம். பொழிவுக்கு அருகில் போய்விடுகிறோம், நடுவே ஒளியை விழுங்கும் காற்றும் குறைகிறது.

5. ஒளிபெருக்கிக் குழாயை, நாம் எல்லோரும் சொல்கிற பி.எம்.டி.யை, கையில் வாங்கியதும் டேட்டா ஷீட்டில் உள்ள திறன் சதவீதத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். ஃபோட்டானை எலக்ட்ரானாக்கும் ஒளிவாய் பழைய பைஆல்கலி வகை என்றால் 25, புதிய வகைக்கு 35, அதற்கும் மேல் என்று போட்டிருக்கும். அது உச்ச அலைநீளத்தில் மட்டும் கிடைப்பது. செரன்கோவ் ஒளி நீலமும் புற ஊதாவும் கலந்தது. காற்றைத் தாண்டி வரும்போது 300 முதல் 350 நானோமீட்டர் வாக்கில் உச்சம் கொள்ளும். சாதாரண போரோசிலிக்கேட் கண்ணாடி 300க்குக் கீழே ஒளியை விடாது. குழாயின் திறன் வளைகோட்டை வாங்கி, செரன்கோவ் நிறமாலையின் மேல் வைத்துப் பெருக்கிப் பாருங்கள். அதோடு, ஒளிவாயில் பிறந்த எலக்ட்ரான்கள் எல்லாம், அவற்றைப் பெருக்கும் முதல் டைனோடுக்குப் போய்ச் சேர்வதும் இல்லை. கண்ணாடியின் பிரதிபலிப்பு, ஒளிக்கூம்பின் இழப்பு என்று பெருக்கிக்கொண்டே போனால், கண்ணாடியில் விழுந்த நூறு ஃபோட்டானில் பத்து, பதினைந்து எண்ணப்பட்டாலே நல்ல கருவி.

6. குழாயைப் பழகும் விதம். மின்னழுத்தம் இருக்கும்போது அறை விளக்கு அதன்மேல் படக்கூடாது; பட்டால் குழாய் போய்விடும். இது எல்லோருக்கும் தெரியும். மின்னழுத்தம் இல்லாவிட்டாலும் வெளிச்சத்தில் போட்டு வைக்கக்கூடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் கிடந்த குழாயை மாட்டினால், அடுத்த பல மணி நேரம் அதன் இருட்டு எண்ணிக்கை எகிறி நிற்கும். கறுப்புத் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். முகப்பில் விரல் வைக்காதீர்கள். ஹீலியம் சிலிண்டர் இருக்கும் அறையில் சேமிக்காதீர்கள், ஹீலியம் கண்ணாடியையே ஊடுருவி உள்ளே போகும். காந்தத் தடுப்பாக வரும் மியூ-மெட்டல் உறையைக் கீழே போட்டாலோ வளைத்தாலோ அதன் குணம் கெடும். புவியின் காந்தப்புலம்கூட ஒளிவாயிலிருந்து முதல் டைனோடுக்குப் போகும் எலக்ட்ரானைத் திருப்பிவிடும், தொலைநோக்கி திரும்பத் திரும்ப அந்த இழப்பும் மாறும்.

7. பெருக்கத்தைக் குறைத்து ஓட்டுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஸ்கோப்பில் பெரிய துடிப்பு தெரிந்தால் மகிழ்ச்சி. அதற்காக மின்னழுத்தத்தை ஏற்றுவார்கள். வானவெளிச்சம் இரவெல்லாம் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பெருக்கம் பத்து லட்சம் என்றால், விநாடிக்குப் பத்துக் கோடி ஒளியெலக்ட்ரான் 16 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டமாகும். இரவுக்கு இரவு அது கடைசி டைனோடைத் தின்னும். அதனால்தான் மேஜிக் போன்ற செரன்கோவ் தொலைநோக்கிகளின் கேமராக்களில் ஆறே டைனோடு உள்ள குழாய்களைப் போட்டு, பெருக்கத்தைப் பத்தாயிரங்களில் வைத்து, மிச்சத்தை நல்ல முன்பெருக்கியிடம் விட்டார்கள். அதோடு, எட்டு டைனோடு குழாயில் மின்னழுத்தம் 1 சதவீதம் அசைந்தால் பெருக்கம் ஐந்தாறு சதவீதம் அசையும். மின்வழங்கி மலிவாகக் கிடைத்தது என்று வாங்காதீர்கள்.

8. மலையில் உயர் மின்னழுத்தம் சமவெளியில் இருப்பது போல இருக்காது. 4300 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம். காற்று மெலிந்தால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாவும். ஊரில் ஆய்வகத்தில் அமைதியாக இருந்த இணைப்பி அங்கே இரவில் படபடக்கும், அந்தப் படபடப்பு ஒவ்வொன்றும் நானோ விநாடித் துடிப்பாக வந்து உங்களை ஏமாற்றும். இடைவெளிகளை அதிகமாக விடுங்கள், கூர்முனைகளை ராவி விடுங்கள், சிலிகோன் பூசுங்கள்.

9. கருவிப் பெட்டிகளில் மின்னும் பச்சை, சிவப்பு விளக்குகள் மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள். எல்லாவற்றின் மேலும்.

10. ஒரு குழாயை மட்டும் நம்பாதீர்கள். ஒரு சேனலில் விநாடிக்கு ஒரு லட்சம் முறை வெறும் வானச் சத்தம் டிஸ்க்ரிமினேட்டரின் வாசல் அளவைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சேனல்கள் பத்து நானோ விநாடிக்குள் தற்செயலாகச் சேர்வது விநாடிக்கு 200 முறை. மூன்று சேர்வது மூன்று விநாடிக்கு ஒரு முறை. நான்கு சேர்வது ஏறக்குறைய நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை. காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், இந்தத் துறையின் முக்கால்வாசித் தந்திரம் அதில் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு, சேனல்கள் ஒன்றோடொன்று பேசாமல் இருந்தால்தான் செல்லும். ஒரே மின்வழங்கியின் அதிர்வு, ஒரே தரையிணைப்பு என்று ஏதாவது பொதுவாக இருந்தால் தற்செயல் தற்செயலாக இருக்காது.

11. நேரத்தை அளப்பவர்களுக்கு. ஒளி ஒரு நானோ விநாடியில் 30 செ.மீ. போகும். கோஆக்சியல் கேபிளில் மீட்டருக்கு ஐந்து நானோ விநாடி ஆகும். பச்மடி, ஹகார் வகைக் கருவிகள் படம் எடுப்பதில்லை. ஒளி அலைமுகம் தரையில் பரவிக் கிடக்கும் ஒவ்வொரு தொலைநோக்கியையும் எந்த நேரத்தில் தொட்டது என்பதிலிருந்தே பொழிவின் திசையைக் கண்டுபிடிக்கின்றன. அங்கே கேபிள் நீளத்தில் ஒரு முழ வித்தியாசம்கூடத் திசைப் பிழைதான். பகலில் சூடாகி இரவில் உறையும் கேபிள் இன்னும் கொஞ்சம் ஆட்டம் காட்டும். நிலையான நேர வித்தியாசங்களைத் தரவிலிருந்தே தனியாக அளந்து திருத்துங்கள். இணைப்பிகளை 50 ஓமில் முடிக்காமல் விட்டால் துடிப்பு திரும்பி வந்து இரண்டாவது துடிப்பாக நிற்கும். அதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று என்னிடம் கொண்டு வந்தவர்கள் உண்டு.

12. துடிப்புக்குப் பின்னால் வரும் துடிப்பு எல்லாம் கேபிள் குற்றமில்லை. குழாய்க்குள் மிச்சமிருக்கும் வாயு அணு ஒன்றை எலக்ட்ரான் அடித்து அயனியாக்கும். அந்த அயனி மெதுவாக ஒளிவாய்க்குத் திரும்பிப் போய் மோதி, ஒரு கூட்டம் எலக்ட்ரானைக் கிளப்பும். சில நூறு நானோ விநாடி முதல் மைக்ரோ விநாடிகள் வரை தாமதம். துடிப்பு பெரிதாக இருப்பதால், ட்ரிகர் வாசலைத் தாழ்த்த முடியாமல் தடுப்பது பெரும்பாலும் இதுதான். குழாய் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியே இது என்பேன், திறன் சதவீதம் அதற்கு அப்புறம்.

13. காமா வருவது அபூர்வம். புரோட்டான் போன்ற காஸ்மிக் கதிர்ப் பொழிவு ஆயிரம் மடங்கு அதிகம். அதுவும் செரன்கோவ் ஒளிதான் தரும். அரிசோனாவில் ஹாப்கின்ஸ் மலையில் விப்பிள் ஆய்வகத்தின் 10 மீட்டர் தொலைநோக்கி 1968இல் எழும்பியது. நண்டு நெபுலாவை ஐயத்துக்கிடமின்றிப் பார்த்ததாக வீக்ஸ் குழு அறிவித்தது 1989இல். இடையே இருபது ஆண்டு. கண்ணாடி மாறவில்லை. குவியத்தில் ஒரே குழாய்க்குப் பதிலாக 37 குழாய்களை வைத்துப் பொழிவைப் படமாக எடுத்தார்கள். காமாவின் படம் மெலிந்த நீள்வட்டம், அதன் அச்சு மூலத்தை நோக்கி இருக்கும். புரோட்டானின் படம் அகன்று, சிதறிக் கிடக்கும். அந்த நீள்வட்டத்தின் நீளம், அகலம் முதலியவற்றை அளந்தே பிரிக்கலாம் என்று 1985இல் மைக்கேல் ஹில்லாஸ் எழுதிக் காட்டினார். இன்று ஹான்லேயில் நிற்கும் 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கியின் கேமராவில் 1088 குழாய்கள். ஆனாலும் அது செய்வது அடிப்படையில் அதே 37 குழாய் வேலைதான். புதிய மென்பொருளைத் தொடுமுன் நூறு படங்களைக் கண்ணால் பாருங்கள்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. பல்சார்கள் கண்டுபிடிக்கப்பட்ட சூட்டோடு, 1969 வாக்கில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஊட்டியில் கண்ணாடிகளை நிறுத்தி இந்த வேலையைத் தொடங்கினார்கள். 1986இல் அது பச்மடிக்கு இடம்பெயர்ந்தது. ஊட்டியின் மேகத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று கேட்கத் தோன்றாது.

14. குழாய்களுக்கு முன்னால் இருக்கும் ஒளிக்கூம்பு வெறும் இடைவெளி அடைப்பான் அல்ல. வட்டக் குழாய்களுக்கு இடையில் வீணாகும் ஒளியை உள்ளே தள்ளுவது ஒரு வேலை. கண்ணாடியிலிருந்து வராத ஒளியை, முக்கியமாகப் பனித்தரையிலிருந்து தெறித்து வருவதை, கோணத்தால் விலக்குவது இன்னொரு வேலை. கண்ணாடி முகங்களில் அலுமினியப் பூச்சு முன்பக்கம் இருக்கிறது. தூசி தெரிந்தால் துணியால் துடைக்காதீர்கள். தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அல்லது அப்படியே விடுங்கள்.

15. சிலிக்கான் பற்றிக் கேட்காத ஆளில்லை. லா பால்மா தீவில் 2011இல் ஓடத் தொடங்கிய ஃபேக்ட், 1440 பிக்சலும் சிலிக்கான் ஒளியுணர்வான்களாக அமைந்த முதல் செரன்கோவ் தொலைநோக்கி. ஒவ்வொரு உணர்வானும் மூன்று மில்லிமீட்டர் சதுரம், அதற்குள் 3600 நுண்ணறைகள். ஒரு ஃபோட்டான் விழுந்தால் ஒரு நுண்ணறை முழுதாகச் சரியும், எத்தனை அறை சரிந்தது என்பதே ஒளியின் அளவு. நூறு வோல்ட்டுக்கும் குறைவாகப் போதும். வெளிச்சம் பட்டால் சாகாது. நிலா வெளிச்சத்திலும் வேலை செய்யும் என்று ஃபேக்ட் காட்டிவிட்டது. மாதத்தில் பாதி இரவைப் பி.எம்.டி.க்காரர்கள் நிலாவுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க, இது சின்ன விஷயமில்லை.

குறைகளும் உண்டு. ஒரு டிகிரி வெப்பம் மாறினால் அதன் சரிவு மின்னழுத்தம் ஐம்பது மில்லி வோல்ட்டுக்குச் சற்று அதிகமாக நகரும். இரவில் குளிர் இறங்க இறங்க மின்னழுத்தத்தைத் துரத்திக்கொண்டே போக வேண்டும். ஓர் அறை சரியும்போது உமிழும் ஒளி பக்கத்து அறையையும் சரிக்கும், ஒன்று இரண்டாகத் தெரியும். எனக்கு உறுத்துவது இன்னொன்று. அது சிவப்பிலும் நன்றாகப் பார்க்கும். செரன்கோவ் ஒளி நீலத்தில் இருக்கிறது, இரவு வானமோ சிவப்பை நோக்கிப் போகப் போகப் பிரகாசமாகிறது. ஆகவே தேவையில்லாததை அதிகம் வாங்கி, பிறகு வடிகட்டி போட்டுத் தடுக்க வேண்டியிருக்கிறது. செரன்கோவ் தொலைநோக்கி வரிசையைத் திட்டமிட்டவர்கள் 23 மீட்டர் பெரிய தொலைநோக்கிக்கு 1855 பி.எம்.டி.யையும், சிறியவற்றுக்குச் சிலிக்கானையும் தேர்ந்ததைக் கவனியுங்கள். மங்கலான பொழிவைத் தேடும் இடத்தில் வானச் சத்தம்தான் எதிரி. என்னைக் கேட்டால், சின்னத் தொலைநோக்கியைக் கட்டப்போகிறவர் இன்று பி.எம்.டி. வாங்க வேண்டியதில்லை.

16. அளவுத்திருத்தம் சலிப்பான வேலை. அதை ஜூனியரிடம் தள்ளுவார்கள், அந்த ஜூனியர் நீங்கள்தான். கேமரா முழுக்கச் சமமாக ஒளிரும்படி எல்.ஈ.டி. அல்லது லேசர் துடிப்பைக் கொடுங்கள். ஒரே அளவுத் துடிப்புகளின் சராசரியையும் பரவலையும் வைத்தே எத்தனை ஒளியெலக்ட்ரான் என்று சொல்லிவிடலாம். எண்ணிக்கை குறைவென்றால், சராசரியோடு ஒப்பிடப் பரவல் அதிகம். குழாயின் சொந்தப் பரவலுக்கான காரணியை மட்டும் கணக்கில் சேர்க்க மறவாதீர்கள்.

இது கேமராவுக்கு. மொத்தத் தொலைநோக்கிக்கும் ஒரு சோதனை வேண்டுமானால், வானமே இலவசமாகத் தருகிறது. தொலைநோக்கிக்கு நேர் மேலே இறங்கும் ஒற்றை மியூவான் கேமராவில் ஒரு வளையமாக விழும். வளையத்தின் ஆரத்தைப் பார்த்தால் அது எவ்வளவு ஒளி தந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடலாம். நீங்கள் அளந்தது எவ்வளவு என்று பாருங்கள். கண்ணாடி, கூம்பு, ஒளிவாய் எல்லாவற்றின் இழப்பும் அந்த ஒரே விகிதத்தில் இருக்கிறது. மாதாமாதம் அந்த விகிதத்தைக் குறித்து வையுங்கள். அது இறங்கினால் உங்கள் கண்ணாடி மங்குகிறது.

17. பார்வைக்குள் பிரகாசமான விண்மீன் வந்தால் அந்தப் பிக்சலின் மின்னோட்டம் ஏறும். வரம்பு தாண்டினால் அந்தக் குழாயை மட்டும் தணித்துவிடுங்கள், விண்மீன் நகர்ந்ததும் திரும்ப ஏற்றுங்கள். மேசையில் எந்த விண்மீன் எந்தப் பிக்சலுக்கு எத்தனை மணிக்கு வரும் என்ற பட்டியல் முன்கூட்டியே இருக்கட்டும்.

18. பதிவேட்டில் மின்னழுத்தம், வாசல் அளவு, ட்ரிகர் வீதம், வெப்பநிலை, மெல்லிய மேகம் எப்போது வந்தது, யார் எப்போது கதவைத் திறந்து டார்ச் அடித்தார்கள், எல்லாம் இருக்க வேண்டும். நேரத்தை உலக நேரத்தில் எழுதுங்கள். நம் காலை ஐந்தரைக்கு அங்கே தேதி மாறும், ஒரே இரவின் கடைசிக் கோப்புகள் அடுத்த நாள் தேதியில் போய் உட்காரும். கோப்பின் பெயரில் இரவு தொடங்கிய தேதியையும் சேர்த்துவிட்டால், ஆறு மாதம் கழித்துத் தேடுகிறவர் உங்களைத் திட்டமாட்டார்.